ஹங்கேரியின் கிராமப்புறங்களில் வரலாற்றுத் தலங்களைப் பார்ப்பது எப்படி: சென்னையிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையின் பயண நிறுவனங்கள் விற்கும் மத்திய ஐரோப்பியச் சுற்றுலாக்களில், வியன்னாவுக்கும் பிராகுக்கும் நடுவே புடாபெஸ்டுக்கு ஓரிரு இரவுகள் ஒதுக்கப்படுவது வழக்கம். டான்யூப் நதியில் ஒரு படகுச் சவாரியும் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் சில புகைப்படங்களுமாக, அத்துடன் ஹங்கேரி முடிந்துவிடுகிறது. ஆனால் அந்நாட்டின் முதல் அரசர் பிறந்த ஊரும், அந்நாட்டு மொழியின் பழமைக்குச் சான்றான ஆவணத்தைக் காத்துவரும் மடமும், அந்நாட்டின் விதியையே மாற்றிய போர்க்களமும் தலைநகருக்கு வெளியேதான் இருக்கின்றன. நாட்டின் பரப்பு ஏறத்தாழ 93,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடச் சிறியது. இதனாலேயே ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சுற்றிவிடலாம் என்ற எண்ணம் எழும். அந்த எண்ணத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹங்கேரியின் வரலாற்றில் உங்கள் மனத்தைத் தொடும் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலம் எந்தத் திசையில் அதிகமாக எஞ்சியிருக்கிறதோ அந்தத் திசையில் செல்வதே சிறந்த வழி.

முதலில் சில ஆண்டுகள்

ஹங்கேரியர்களின் முன்னோரான மஜார் மக்கள் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிலிருந்து குதிரைகளில் வந்து இந்நிலத்தில் குடியேறினர். 1000ஆம் ஆண்டை ஒட்டி முதல் அரசரான இஷ்த்வான் முடிசூடி, கிறிஸ்தவ அரசை நிறுவினார். 1241–42இல் மங்கோலியப் படையெடுப்பு நாட்டைச் சூறையாடியது. அதற்குப் பிறகுதான் மலையுச்சிகளில் கற்கோட்டைகள் பெருகின. 1526இல் மொஹாச் போர்க்களத்தில் ஒட்டோமான் துருக்கியரின் படையிடம் ஹங்கேரிய அரசர் தோற்று உயிரிழந்தார். 1541இல் இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதியான பூடா நகரமும் வீழ்ந்து, நாடு மூன்றாகப் பிரிந்தது: மேற்கும் வடக்கும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கீழ், நடுப்பகுதி ஒட்டோமான் ஆட்சியில், கிழக்கே டிரான்சில்வேனியா தனி அரசாக. பூடா மீட்கப்பட்டது 1686இல்தான்.

இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே எதைத் தேடுவது என்பது தானாகவே விளங்கும். நெடுங்காலம் போர் நடந்த நடுச் சமவெளியில் இடைக்காலக் கட்டடங்கள் மிகக் குறைவு. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் ஒட்டோமான் ஆட்சி நிலைபெறாத மேற்கு எல்லைக்குச் செல்ல வேண்டும். துருக்கியர் விட்டுச்சென்ற மசூதிகளையும் மினாரையும் காணத் தெற்கே பேச் நகருக்கும் வடக்கே எகெர் நகருக்கும் போக வேண்டும். பெருஞ்சாலைகளிலிருந்து விலகிய வடகிழக்குக் கோடியில் எளிய விவசாயிகளின் ஓவியத் தேவாலயங்கள் பிழைத்திருக்கின்றன. முதல் உலகப் போருக்குப் பிறகு 1920இல் கையெழுத்தான டிரியானோன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். வரலாற்று நூல்களில் நீங்கள் படிக்கும் சில ஹங்கேரிய நகரங்கள் இன்று ஸ்லோவாக்கியாவிலோ ருமேனியாவிலோ இருப்பதற்கு அதுவே காரணம்.

டான்யூப் வளைவு: பழகிக்கொள்ள ஏற்ற இடம்

புடாபெஸ்டுக்கு வடக்கே டான்யூப் நதி திரும்பும் பகுதியில் மூன்று ஊர்கள் உள்ளன. முதலாவதான சென்டென்ட்ரேவுக்கு பட்யானி சதுக்கத்திலிருந்து புறநகர் ரயில் செல்கிறது. 1690இல் ஒட்டோமான் படைகளுக்கு அஞ்சி வந்த செர்பியக் குடும்பங்கள் அமைத்த தேவாலயங்களும் வணிகர் வீடுகளும் இவ்வூருக்கு அழகு. ஊரின் நடுத்தெரு நினைவுப்பொருள் கடைகளால் நிறைந்திருப்பதால், அங்கே அதிக நேரம் செலவிடாமல் பேருந்து பிடித்து ஊருக்கு வெளியே உள்ள ஸ்கான்ஸென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1967இல் நிறுவப்பட்ட இது, நம் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவைப் போன்றது: பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய வீடுகள், களஞ்சியங்கள், ஆலைகள், தேவாலயங்கள் ஆகியவற்றை அந்தந்தப் பகுதியின் கிராம அமைப்பிலேயே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். பயணத்தின் முதல் நாளிலேயே இதைப் பார்ப்பது நல்லது. எந்தப் பகுதியில் மண்சுவர், எங்கே மரக்கட்டை, எங்கே நாணல் கூரை என்பது இங்கே ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால், பிறகு ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கும் ஒவ்வொரு கிராமமும் பொருள் தரத் தொடங்கும். குளிர்காலத்தில் இது பெரும்பாலும் மூடியிருக்கும்.

விஷெகிராட் ஊரில் 1335இல் ஹங்கேரி, போலந்து, பொஹீமியா ஆகிய மூன்று நாடுகளின் அரசர்கள் கூடிப் பேசினர். கீழே அரண்மனையின் மீட்டெடுக்கப்பட்ட பகுதிகளும், மேலே நதியை நோக்கும் கோட்டையும் உள்ளன. கால் வலு உள்ளவர்கள் கோட்டைக்கு நடந்தே ஏறலாம். எஸ்தெர்கோம் அரசர் இஷ்த்வான் பிறந்த ஊர். இங்குள்ள பசிலிக்கா நாட்டிலேயே மிகப் பெரிய தேவாலயம். 1856இல் அருட்பொழிவு பெற்றது. ஆனால் அதன் பேருருவைவிட, அதனுள்ளே செம்பளிங்கால் ஆன பாகோட்ஸ் சிற்றாலயமே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துருக்கியர் வருமுன், இத்தாலிய மறுமலர்ச்சிக் கலை ஹங்கேரியில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது உயிருள்ள சாட்சி. பிறகு புதிய பசிலிக்கா கட்டப்பட்டபோது இதைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து அதற்குள் மீண்டும் பொருத்தினார்கள். ஊரிலிருந்து மாரியா வலேரியா பாலத்தின் வழியாக ஸ்லோவாக்கியாவுக்கு நடந்தே சென்று திரும்பிப் பார்த்தால்தான் பசிலிக்காவின் முழுத் தோற்றம் கிடைக்கும். 1944இல் தகர்க்கப்பட்ட இப்பாலம் 2001இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

மேற்கு: இடைக்காலம் எஞ்சியிருக்கும் நிலம்

ஒரே ஒரு திசைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மேற்கையே தேர்ந்தெடுங்கள். கியோர் நகரில் தங்கிக்கொண்டு, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பன்னொன்ஹல்மா பெனடிக்ட் மடத்துக்கு ஒரு முழுநாளைக் கொடுங்கள். 996இல் இஷ்த்வானின் தந்தையான கேஸா நிறுவிய இம்மடம், ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்ற 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இன்றும் துறவிகள் இங்கே வாழ்ந்து, வழிபட்டு, பள்ளி நடத்துகிறார்கள்; ஆகவே சில பகுதிகளை அவர்களது வழிபாட்டு நேரத்துக்கு ஏற்பவே பார்க்க முடியும். வாயிலில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

மடத்தில் அவசரமின்றிப் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது 13ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயமும் அதனடியில் உள்ள நிலவறையும். இரண்டாவது அதையொட்டிய தூண்வரிசைத் தாழ்வாரம். மூன்றாவது நூலகம். வெண்ணிறத் தூண்களும் கூரைவரை உயர்ந்த அலமாரிகளும் கொண்ட அந்த மண்டபத்தில் நிற்கும்போது, இம்மடம் மங்கோலியரையும் துருக்கியரையும் கண்டது, 1786இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஆணையால் மூடப்பட்டது, 1802இல் மீண்டும் உயிர்பெற்றது என்பதெல்லாம் வெறும் செய்தியாக இருப்பதில்லை. பலட்டோன் ஏரிக்கரையிலுள்ள திஹானி மடத்தை நிறுவி 1055இல் எழுதப்பட்ட சாசனம் இங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. லத்தீனில் எழுதிய அச்சாசனத்தில், நில எல்லைகளைக் குறிக்குமிடத்தில், எழுதியவர் உள்ளூர்ப் பெயர்களையும் சொற்களையும் ஹங்கேரிய மொழியிலேயே இட்டுவிட்டார். மூலப்படியாகவே எஞ்சியுள்ள ஆவணங்களுள் ஹங்கேரியச் சொற்களைத் தாங்கிய மிகப் பழையது இதுவே. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் எல்லை வரையறைகளைப் படித்துப் பழகிய தமிழ் வாசகர்களுக்கு இதன் மதிப்பை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மூலச்சாசனத்தை எப்போதும் காட்சிக்கு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கியோரிலிருந்து மேலும் மேற்கே சென்றால் சொம்பாட்ஹேய் நகரும், அதற்கு அருகே யாக் என்ற சிற்றூரும் வரும். 1256இல் அருட்பொழிவு பெற்ற யாக் தேவாலயத்தின் மேற்கு வாயில், ரோமனெஸ்க் எனப்படும் இடைக்கால ஐரோப்பியப் பாணியில் அமைந்த ஹங்கேரியச் சிற்பக்கலையின் உச்சம். கோயில் கோபுர வாயிலில் நின்று சிற்பங்களை அடுக்கடுக்காகப் பார்க்கத் தெரிந்த கண்கள் இங்கே அரைமணி நேரமாவது நிற்கும். உள்ளடங்கிச் செல்லும் வளைவுகளின் வடிவக் கோலங்களை முதலில் கவனியுங்கள். பிறகு அவற்றுக்கு மேலே ஏறுவரிசையில் நிற்கும் கிறிஸ்துவையும் சீடர்களையும் பாருங்கள். மாலை வெயில் மேற்கிலிருந்து விழும் நேரமே இதற்கு உகந்தது.

எல்லையோர ஊரான கோசெக், 1532இல் வியன்னாவை நோக்கிச் சென்ற சுல்தான் சுலைமானின் பெரும்படையைத் தடுத்து நிறுத்தியது. மிக்லோஷ் யூரிஷிச் என்ற தளபதி ஆயிரத்துக்கும் குறைவான வீரர்களுடன் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தார். அதன் நினைவாக இன்றும் ஊரின் மணிகள் காலை 11 மணிக்கு ஒலிக்கின்றன. முந்தைய இரவே வந்து தங்கினால், அந்த மணியோசையை ஊரின் மதில்களுக்குள் நின்றபடி கேட்கலாம்.

இசை ஆர்வலர்கள் ஷோப்ரோன் நகரிலிருந்து ஃபெர்டோட் அரண்மனைக்கு அவசியம் செல்ல வேண்டும். எஸ்தெர்ஹாஸி பிரபுக்களிடம் யோசஃப் ஹைடன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். 1772இல் பிரபு கோடை மாளிகையில் தங்குவதை நீட்டித்துக்கொண்டே போக, குடும்பத்தைப் பிரிந்திருந்த இசைக்கலைஞர்கள் வாடினர். இறுதிப்பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தி மெழுகுவர்த்தியை அணைத்து எழுந்து செல்லுமாறு ஹைடன் ஒரு சிம்பொனியை அமைத்து, அவர்கள் சார்பில் விண்ணப்பம் வைத்தார். அது நிகழ்ந்த மாளிகை இதுவே. ஷோப்ரோனுக்கு அருகில்தான் 1989 ஆகஸ்ட் 19 அன்று எல்லை வாயில் திறக்கப்பட்டு, கிழக்கு ஜெர்மனியர் நூற்றுக்கணக்கில் ஆஸ்திரியாவுக்குள் சென்றனர். அந்த வெட்டவெளியில் இன்று ஒரு நினைவுப் பூங்கா உள்ளது.

பலட்டோன் ஏரிக்கரையில் இந்தியருக்கு ஒரு தனிக் காரணம்

ஏரியின் வடகரையிலுள்ள பலட்டோன்ஃபியூரெட் ஊரின் இதயநோய் மருத்துவமனையில் 1926இல் ரவீந்திரநாத் தாகூர் சிகிச்சை பெற்றார். நலம்பெற்றதற்கு நன்றியாக அவர் ஒரு லிண்டன் மரத்தை நட்டார். ஏரிக்கரை நடைபாதைக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பின்னர் வந்த இந்தியத் தலைவர்களும் அங்கே மரம் நட்டிருக்கிறார்கள். அடுத்துள்ள திஹானி தீபகற்பத்தின் மடம்தான் மேலே சொன்ன 1055ஆம் ஆண்டுச் சாசனத்துக்கு உரியது. அதை நிறுவிய முதலாம் ஆந்திராஷ் அரசரின் கல்லறை அங்குள்ள நிலவறையில் இருக்கிறது. ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம்வரை லாவெண்டர் பூக்கும் காலம் என்பதால் கூட்டமும் அப்போதுதான் அதிகம்.

தெற்கு: தோல்வியும் அதன் பின்னும்

பேச் நகரில் மூன்று காலங்கள் ஒரே நடைத்தொலைவில் உள்ளன. 4ஆம் நூற்றாண்டின் ரோமானியக் கிறிஸ்தவர்களது ஓவியக் கல்லறைகள் நிலத்தடியில் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு முதல் அவை உலகப் பாரம்பரியச் சின்னம். செச்செனி சதுக்கத்தில் நிற்கும் காஸி காஸிம் பாஷா மசூதி இன்று கத்தோலிக்கத் தேவாலயம். அதன் குவிமாடத்தின் உச்சியில் பிறையும் சிலுவையும் சேர்ந்தே இருக்கின்றன. உள்ளே மக்காவின் திசையைக் காட்டும் மாடமும் உண்டு, பலிபீடமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஷோல்னாய் பீங்கான் ஆலையின் பளபளக்கும் கூரை ஓடுகளைப் புடாபெஸ்டில் பார்த்தவர்கள், அவை பிறந்த இடத்தை இங்கே காணலாம்.

பேச் நகரிலிருந்து மொஹாச் செல்வோர், ஊருக்குத் தெற்கே ஷாதொர்ஹேயில் உள்ள போர்க்கள நினைவிடத்துக்குப் போக வேண்டும். 1526 ஆகஸ்ட் 29 அன்று ஒரே பிற்பகலில் ஹங்கேரியப் படை அழிந்தது. தப்பியோடிய இளம் அரசர் இரண்டாம் லயோஷ் ஓர் ஓடையில் மூழ்கி இறந்தார். இறந்தோரைக் கூட்டம் கூட்டமாகப் புதைத்த குழிகள் 20ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டன. அவ்விடத்தைச் சுற்றி மரத்தில் செதுக்கிய நினைவுக் கம்பங்கள் நடப்பட்டுள்ளன. இங்கே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். ஹங்கேரியப் பள்ளிப் பிள்ளைகள் மரியாதை செலுத்த வரும் இடம் இது. பிப்ரவரியில் வர முடிந்தவர்கள் இதே மொஹாசில் பூஷோயாராஷ் திருவிழாவைக் காணலாம். மரத்தில் செதுக்கிய கொம்பு முகமூடியும் ஆட்டுத்தோல் அங்கியும் அணிந்த ஆண்கள் குளிர்காலத்தை விரட்டும் இவ்விழா 2009இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது.

வடக்கும் சமவெளியும்

எகெர் கோட்டையில் 1552இல் இஷ்த்வான் டோபோவின் தலைமையில் ஏறத்தாழ 2,000 பேர், பெண்களும் அடக்கம், ஐந்து வாரங்களுக்கும் மேலாக ஒட்டோமான் முற்றுகையை எதிர்த்து நின்று வென்றனர். ஆயினும் 1596இல் கோட்டை வீழ்ந்தது. ஊரின் நடுவே 40 மீட்டர் உயரத்தில் நிற்கும் மினார் அதன்பின் வந்த ஒட்டோமான் ஆட்சிக் காலத்தின் எச்சம். உள்ளே படிகள் மிகக் குறுகலானவை என்பதால் இடநெருக்கடியை அஞ்சுவோர் ஏற வேண்டாம். எகெரிலிருந்து ஃப்யூசெஷபோனி வழியாக டெப்ரெட்சென் செல்லும் ரயில்பாதையில் ஹொர்டொபாஜ் நிலையம் உள்ளது. மரங்களற்ற அப்புல்வெளியில் ஒன்பது வளைவுகள் கொண்ட கற்பாலம் 1833இல் முடிவுற்றது. நீண்ட கொம்புடைய சாம்பல்நிற மாடுகள், முறுக்குக் கொம்பு ஆடுகள், ஏற்றக் கிணறுகள் என மேய்ச்சல் வாழ்க்கையின் அடையாளங்கள் இங்கே இன்னும் இருப்பதாலேயே 1999இல் இது பண்பாட்டு நிலப்பரப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. குதிரை வித்தைக் காட்சிகள் சுற்றுலாவினருக்காக நடத்தப்படுபவை. அவற்றைவிட அக்டோபரில் ஆயிரக்கணக்காக வந்திறங்கும் கொக்குகளைக் காண்பது மேல்.

வட ஹங்கேரியில் தனி மரபுகளுடன் வாழும் பலோட்ஸ் மக்களின் ஹொல்லோகோ கிராமம் 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 1909இல் தீக்கிரையான பின்னும் மரத்தூண் தாழ்வாரங்களுடன் வீடுகளைப் பழைய முறையிலேயே கட்டிக்கொண்டார்கள். ஈஸ்டர் காலத்தில் பாரம்பரிய உடைகளையும் நீரூற்றும் வழக்கத்தையும் காணலாம், கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்.

யாரும் சொல்லாத வடகிழக்குக் கோடி

உக்ரைன் எல்லையை ஒட்டிய தாகோஷ் ஊரின் சிறிய சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) தேவாலயத்தை ‘வெறுங்கால் நோத்ர் தாம்’ என்று அன்போடு அழைக்கிறார்கள். தரை மண்ணால் ஆனது. மேலே 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய மலர்ச் சட்டங்கள் கொண்ட மரக்கூரை. அருகிலுள்ள சாரோடாவில் 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும் அதன் சுவரோவியங்களும் உள்ளன. சத்மார்ச்செகே ஊரின் இடுகாட்டில் படகை நிமிர்த்தி வைத்தது போன்ற நூற்றுக்கணக்கான மரக்கம்பங்கள் கல்லறைகளுக்கு மேல் நிற்கின்றன. நாட்டுப்பண்ணின் வரிகளை 1823இல் இவ்வூரில் இருந்து எழுதிய ஃபெரென்ட்ஸ் கோல்ச்செய் அடக்கமானதும் இங்கேதான். இத்தேவாலயங்கள் பல வேளைகளில் பூட்டியிருக்கும். கதவில் தொலைபேசி எண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் பணிவாகக் கேளுங்கள். சாவி அங்கேயே இருக்கக்கூடும். உண்டியலில் ஒரு தொகை இடுவது முறை.

விசா, ரயில், உணவு

ஹங்கேரிக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். வியன்னாவையும் சேர்த்துச் செல்வோர், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறார்களோ அந்நாட்டின் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் ஆகியவற்றுள் ஒன்றில் மாற வேண்டும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையான மே மாதம் அங்கே இதமான வசந்தம். செப்டம்பரும் நல்ல காலமே. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்கு நீண்ட ரயில் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதற்குமான மாதாந்திரப் பயண அட்டை 2023இல் 18,900 ஃபோரின்ட் விலையில் அறிமுகமானது. விரைவு ரயில்களில் இருக்கைக்கெனத் தனியாகக் கட்டணம் உண்டு. வடகிழக்கில் மட்டும் பேருந்துகள் அரிது, அதிலும் ஞாயிறுகளில் மிக அரிது. அங்கே வாடகைக் கார் எடுப்போர் சென்னையிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுச் செல்ல வேண்டும். நெடுஞ்சாலைக்குரிய மின்னணுச் சுங்க அனுமதி காருக்கு இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயர்களை உச்சரிக்க ஒரு சிறு குறிப்பு உதவும்: எஸ் எழுத்து தனியே வந்தால் ‘ஷ’ என்றும், அதனுடன் இசட் சேர்ந்தால் ‘ஸ’ என்றும் ஒலிக்கும். கடையிலோ தேவாலயத்திலோ நுழையும்போது ‘யோ நபோத்’ என்று வணக்கம் சொல்வது கிராமங்களில் பெரிதும் மதிக்கப்படுகிறது.

சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பீன்ஸ் சூப்பிலும் உருளைக்கிழங்குப் பண்டத்திலும் புகையூட்டிய இறைச்சியோ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கும். பாலாடைக்கட்டி நூடுல்ஸின் மேல்கூட வறுத்த கொழுப்புத் துண்டுகளைத் தூவுவார்கள். பாலாடைக்கட்டியைப் பொரித்துத் தரும் ராந்தோத் ஷாய்த், புளிப்புச் செர்ரியில் செய்த குளிர்ந்த சூப், கசகசாவும் சர்க்கரையும் தூவிய நூடுல்ஸ், காய்களைக் குழைய வேகவைத்த ஃபோசெலேக் ஆகியவை பொதுவாகக் கிடைக்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இறைச்சி இல்லையா, கொழுப்பில் சமைத்ததா என்று கேட்டுவிடுவதே நல்லது. சிற்றூர் உணவகங்கள் மாலையில் சீக்கிரமே அடுப்பை அணைத்துவிடும். ஆகவே ரயில் ஏறுமுன் பெரிய நிலையங்களில் ரொட்டியும் பழமும் தயிரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறு கடைகளுக்காகக் கையில் கொஞ்சம் ஃபோரின்ட் ரொக்கமும் இருக்கட்டும், ஏனெனில் ஹங்கேரியின் நாணயம் யூரோ அன்று.